வாத்தியார் வீட்டு மேஜை

எங்கள் வீட்டில் எங்களுக்கே எங்களுக்கு என்று இருந்தவை பாத்திரங்கள், துணிமணிகள், ஒரு ரேடியோ, அப்புறம் நாங்கள் நான்கு பேர். மற்றதெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சாமான்.

அப்பாவுக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில். கல்யாணமான புதிதில் ஒரு தள்ளுவண்டி, நான் பிறந்தபோது ஒரு பழைய லாரி, தம்பி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது இரண்டு, கடைசியில் மூன்று. முப்பத்தைந்து வருடத்தில் ஊரில் பாதிப் பேரையாவது ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குத் தூக்கி வைத்திருப்பார். வீடு மாறுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பொருளாவது மிஞ்சும். புது வீட்டு நிலைப்படியில் நுழையாது, மாடிப்படியில் திரும்பாது, அல்லது வீட்டுக்கு வந்த மருமகளுக்குப் பிடிக்காது. அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அப்பாவுக்கு மனசு கேட்காது.

"ஒரு மாசம் நம்ம வீட்டுல இருக்கட்டுங்க. சௌகரியப்பட்டப்ப வந்து எடுத்துக்கோங்க" என்று வாக்குக் கொடுத்துவிடுவார். ஒரு மாதம் ஒரு வருடமாகும். யாரும் வர மாட்டார்கள். பொருள் எங்கள் கூடத்தில் குடியேறிவிடும்.

அதனால் எங்கள் வீட்டில் அலமாரிக்கு அலமாரி என்று பெயர் கிடையாது. அது பல் டாக்டர். சோஃபா, வக்கீல். நிலைக்கண்ணாடி, பாட்டு டீச்சர். "வக்கீல் மேல காலைத் தூக்கிப் போடாதே!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தியதைக் கேட்டு, வாசலில் நின்ற புதுப் பால்காரர் ஒருமுறை பாலை ஊற்றாமலே போய்விட்டார். தம்பி நாலு வயதில் நெற்றியில் புடைப்போடு வந்து, "பல் டாக்டர் இடிச்சிட்டாரு" என்று தேம்பினான். ஒவ்வொரு பொருளின் அடியிலும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு அட்டை கட்டியிருக்கும். யார் வீடு, என்ன தேதி, வரும்போதே இருந்த கீறல் எத்தனை, எந்தப் பக்கம். புதிதாக ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் விசாரணைக் கமிஷன்தான். அடிக்க மாட்டார். "அவங்க வந்து கேட்டா நான் மூஞ்சியை எங்க வச்சுக்குவேன்?" என்று கேட்பார். அதற்கு அடியே தேவலாம் போலிருக்கும்.

இந்தக் கூட்டத்தில் அம்மாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: வாத்தியார் வீட்டு மேஜை. கனமான மரம், ஆறு பேர் உட்காரலாம். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் கிடந்தது. காய் நறுக்குவது, மாவு பிசைவது, துணிக்கு இஸ்திரி போடுவது, எங்களைக் குனியவைத்துத் தலை வாருவது எல்லாம் அதன் மேல், அல்லது அதன் ஓரத்தில். அம்மா உயரம் கம்மி. ஊரில் உள்ள மேஜையெல்லாம் அவளுக்கு நெஞ்சை இடிக்கும். இது மட்டும் முழங்கைக்குச் சரியாக வந்து நிற்கும்.

"அந்த வாத்தியார் பொண்டாட்டியும் என்னை மாதிரி குள்ளச்சிதான் பாவம். அளவெடுத்துச் செஞ்சிருக்காங்க" என்பாள். கண்ணால் பார்த்திராத அந்த அம்மாவோடு அவளுக்கு ஒரு தனிச் சிநேகம். முதுகு வலிக்காமல் இருபது பேருக்குச் சமைத்து இறக்கிய நாளில், "மகராசி, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று மனதார வாழ்த்துவாள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா எங்கிருந்தாலும் அந்த மேஜைக்கு வந்துவிடுவார். வேலை முடியாவிட்டால் லாரியோடு வருவார். தெருவில் யாருடைய குடும்பமோ கட்டிலும் பீரோவுமாகக் கயிற்றுக்குள் காத்திருக்கும். உள்ளே அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, தம்பிக்குக் கணக்கைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து, என் வகுப்புச் சண்டையை ஒன்று விடாமல் கேட்டு, "அவ மேல தப்புதான், ஆனா நாளைக்கு நீ போய்ப் பேசு" என்று தீர்ப்புச் சொல்லி, அரை மணியில் கை கழுவிக்கொண்டு கிளம்புவார்.

"ஊரார் வீட்டை நடுத்தெருவுல நிறுத்திட்டு வந்து சாப்பிடுறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று அம்மா கேட்டால், "அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். புள்ளைங்க இருக்கிற வீடுதான் அது. 'போய்ட்டு வாங்க'ன்னாங்க" என்பார்.

போன வருடம் ஒரு நாள், இரண்டு வீடு மாற்றி முடித்துவிட்டு மத்தியானம் வந்து சோஃபாவில் உட்கார்ந்தார். அம்மா டீ கொண்டு வந்து கூப்பிட்டபோது பதில் இல்லை. வேலை அழுக்கு வக்கீல் வீட்டுச் சோஃபாவில் படக்கூடாது என்று துண்டை விரித்துப் போட்டு, அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்பா போய் எட்டு மாதத்தில் வீட்டுக்காரர் வந்தார். ஊரையே வீடு மாற்றியவர் கடைசி வரை வாடகை வீட்டில்தான் இருந்தார். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம். லாரிகளை இப்போது பார்த்துக்கொள்ளும் தம்பி, தன் குடியிருப்புக்கு எதிரிலேயே அம்மாவுக்கு இரண்டு அறை பிடித்தான். சாமான் கட்ட உதவிக்கு நான் பத்து நாள் விடுப்பில் வந்தேன்.

வந்த அன்றே அம்மா முடிவைச் சொல்லிவிட்டாள். "அடுத்தவங்க சாமானோட அந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். எல்லாரையும் கூப்பிட்டு அவங்கவங்க பொருளைக் கொடுத்துடுங்க. முப்பத்தஞ்சு வருஷம் குடோன்ல குடித்தனம் பண்ணியாச்சு."

"அம்மா, சிலது நல்ல சாமானும்மா..."

"நல்லதோ கெட்டதோ, நம்மது இல்லை. ஊர்ல இருக்கிறவங்க கட்டிலையெல்லாம் தோள்ல சுமந்தாரு உங்கப்பா. எனக்குன்னு என்னடி செஞ்சாரு? ஒரு முக்காலி? சொல்லு, கேக்கறேன்."

அப்பா எங்களுக்காக ஓடாய்த் தேய்ந்தது அவளுக்குத் தெரியாததா? அவள் கேட்டது அது இல்லை. அவளுக்கென்று, அவளை மட்டும் நினைத்து, ஏதாவது.

கொஞ்ச நேரம் கழித்து மேஜையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இது ஒண்ணு மட்டும் என்கூட வரட்டும். வாத்தியார் எங்க இருக்காரோ என்னவோ. அந்த நம்பரைக் கடைசியா கூப்பிடு. ரெண்டு மணி அடிச்சு எடுக்கலைன்னா வச்சிடு."

நான் அட்டைகளைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பல் டாக்டரின் மகன், "அதை இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று சிரித்துவிட்டு, யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். வக்கீல் வீட்டு அம்மா குரலைத் தாழ்த்தி, "மாமியார் கொடுத்த சோஃபாம்மா அது. தயவுசெஞ்சு திருப்பிக் கொண்டுவந்துடாதீங்க" என்றார். பாட்டு டீச்சர் நேரில் வந்து, நிலைக்கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்று, "கண்ணாடி அப்படியேதான் இருக்கு" என்று பெருமூச்சு விட்டு எடுத்துப் போனார்.

வாத்தியார் வீட்டு நம்பர் வேலை செய்யவில்லை. அதோடு விட்டிருக்க வேண்டும். என் பிறவிக் குணம், ஆரம்பித்ததை அரையில் விட வராது. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பெயர் அட்டையில் இருந்தது. அங்கே கூப்பிட்டேன். அவர்கள் ஒரு நம்பர் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் வாத்தியாரின் மகள் என்னைக் கூப்பிட்டு, "மேஜை இருக்கா? நிஜமாவே இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, வியாழக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் டொக்கென்று வைத்தாள்.

தம்பி சமாதானத்துக்கு வந்தான். "எதுக்கு வீணா? கரையான் அரிச்சிருச்சு, விறகாப் போச்சுன்னு சொல்லிடலாம்."

"வாயைக் கழுவுடா! உங்கப்பா கேட்டா நாக்கைப் பிடுங்கிக்குவாரு."

ஒரு மணி நேரம் கழித்து, பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே அம்மா மெதுவாகக் கேட்டாள். "கரையான் ஒரு காலை மட்டும் அரிக்குமா, நாலையும் அரிக்குமா?"

தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

வியாழக்கிழமை காலையில் எழுந்து வந்து பார்த்தால் மேஜையைக் காணோம். அதன் மேல் மெத்தைச் சுருள், துணி மூட்டை, அண்டா, ரேடியோ, பழைய செய்தித்தாள் கட்டு. அடியிலும் அட்டைப்பெட்டிகள். ஒரு சாமான் மலைதான் தெரிந்தது. அம்மா எதுவும் தெரியாதவள் மாதிரி டீ போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் பல் டாக்டரைப் பிரித்துக்கொண்டிருந்த கயிறண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தள்ளுவண்டிக் காலத்திலிருந்து அப்பாவோடு இருந்தவர் அவர். கட்டின முடிச்சு அவிழாது என்பதால் அப்பா வைத்த பெயர் கயிறு. அதுவே நிலைத்துவிட்டது.

பத்து மணிக்கு வாத்தியார் மகள் வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருக்கலாம். செருப்பைக் கழற்றும்போதே கண் உள்ளே தேடியது.

"மேஜையா? இருக்கும்மா. ஆனா மேல பாரு, எவ்வளவு ஏத்தி வச்சிருக்கு" என்றாள் அம்மா. "இதையெல்லாம் இறக்க ரெண்டு நாள் ஆகும் போல. நாங்களே சனிக்கிழமை கிளம்பறோம். நீ பெரிய ஊர்ல இருக்கே. இப்பல்லாம் லேசா, அழகா, மடக்கற மேஜையே வருதாமே?"

"வருதும்மா. எனக்கில்லை, அப்பாவுக்கு." அவள் மெத்தைச் சுருளின் ஓரத்தில் தெரிந்த ஒரு சாண் மரத்தின் மேல் கையை வைத்தாள். "அவருக்கு இப்ப எதுவும் சரியா ஞாபகம் இல்லை. அம்மா போனதுகூட. தினமும் சாயங்காலம் எழுந்து வீடு பூராத் தேடுவாரு. 'பேப்பர் திருத்தணும், என் மேஜை எங்க?'ன்னு. எந்த மேஜையைக் காட்டினாலும், 'இது வேற வீடு, நம்ம வீட்டுக்குப் போலாம் வா'ம்பாரு. இதைப் பாத்தாலாவது வீடுன்னு நினைச்சு உக்காருவாரோன்னு..."

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, யாரையும் கூப்பிடாமல் தானே ரேடியோவை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு அண்டாவை. நானும் கயிறண்ணனும் ஓடிப்போய் மூட்டைகளை இறக்கினோம்.

வாத்தியார் மகள் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். பென்சிலால் சின்ன வயதில் வரைந்த பூனை அங்கே அப்படியே இருந்தது. சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முகம் கொஞ்சம் மாறியது.

"ரொம்பத் தாழ்வா இருக்கே. என் கால் முட்டி இடிக்குது."

"நீ வளந்துட்டேம்மா" என்றாள் அம்மா.

"இல்லம்மா, நாங்க போறப்ப எனக்குப் பதிமூணு வயசு. அப்பவே இவ்வளவு உயரம்தான். இது நெஞ்சுக்கு வருமே."

"உங்கம்மா உயரத்துக்குத்தானே செஞ்சது? என்னை மாதிரி குள்ளம்தானே அவங்க?"

"எங்கம்மாவா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பாவைவிட ஒரு பிடி உயரம் அவங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தா தெருவே கிண்டல் பண்ணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். கூடத்தில் திருப்புளி கீழே விழும் சத்தம் கேட்டது.

"கயிறு" என்றாள் அம்மா, திரும்பாமலே. "இங்க வா."

கயிறண்ணன் தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "அண்ணி, சொன்னா திட்டக்கூடாது."

"சொல்லாட்டித்தான் திட்டுவேன்."

"தம்பி பொறந்து நீங்க ஆஸ்பத்திரியில மூணு வாரம் இருந்தீங்கல்ல? அதுக்குப் பத்து நாள் முன்னாடிதான் மேஜை வந்துச்சு. நெறமாச வயித்தோட இதுல எட்டி எட்டி நறுக்குவீங்க. எட்டலைன்னு ஒரு பலகையைப் போட்டு அது மேல நின்னீங்க."

"ஆமா. ஒரு நாள் வழுக்கி விழப் பாத்தேன்."

"அதை அண்ணன் பாத்துட்டாரு. நீங்க ஆஸ்பத்திரி போன மறுநாளு, 'ரம்பத்தை எடுத்துட்டு வா கயிறு'ன்னாரு. அண்ணே, அடுத்தவங்க பொருளாச்சேன்னேன். 'தெரியும், காலைப் பிடி'ன்னாரு. பீரோவை ஒத்தை ஆளாத் தூக்குற மனுஷன், அண்ணி. நாலு விரல் அளவுதான் அறுத்தது. அதுக்குள்ள சட்டை தொப்பலா நனைஞ்சு போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"நான் திரும்பி வந்தப்ப எனக்கு எப்படிடா தெரியாமப் போச்சு?"

"'வயிறு இறங்கிருச்சு, இப்ப மேஜை எட்டுது'ன்னு நீங்களே சொன்னீங்க. அண்ணன் 'ஆமா, ஆமா'ன்னு தலையை ஆட்டினாரு. அப்புறம் நீங்க வாத்தியார் வீட்டம்மாவைப் புகழும்போதெல்லாம் எழுந்து வெளிய போயிடுவாரு."

எனக்கு அது ஞாபகம் இருந்தது. அம்மா மகராசி என்று ஆரம்பித்தால் அப்பாவுக்கு உடனே லாரியில் ஏதாவது வேலை வந்துவிடும். சலிப்பு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அறுத்ததை வச்சிருக்காரு" என்றார் கயிறண்ணன். "அண்ணனோட கருவிப் பெட்டி அடியில பாருங்க."

தம்பிக்குப் போன் செய்தேன். பழைய இரும்புக் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்த பெட்டியை அவன் லாரியிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அடியில், எண்ணெய்த் துணிக்குள், நான்கு மரத் துண்டுகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டிருந்தது. மேஜைக் கால்களின் உட்பக்கமும் அதே எண்கள் இருந்தன. இத்தனை வருடம் அதன் அடியில் விளையாடியும் எங்கள் கண்ணில் படவில்லை. கூடவே ஒரு அட்டை: 'வாத்தியார் வீட்டு மேஜை. கால் துண்டு நான்கு. திருப்பிக் கொடுக்கும்போது ஒட்டிக் கொடுக்கவும். நான் செய்த தப்பு, அவர்களிடம் நானே சொல்ல வேண்டும்.'

அம்மா அதை வாங்கிப் படித்தாள். தள்ளிப் பிடித்து இன்னொரு தரம் படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் காதோரம் சிவந்திருந்தது. புதுப்பெண் மாதிரி யார் முகத்தையும் பார்க்காமல், அந்த அட்டையின் மூலையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் மகள்தான் முதலில் பேசினாள். "அம்மா, நீங்களே வச்சுக்கோங்க. உங்களுக்காக அறுத்திருக்காரு. நான் அப்பாகிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

தம்பி ஆவலாக அம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேஜை அவளுடையது. நானும் மனதுக்குள், சரி என்று சொல்லேன் அம்மா, என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா" என்றாள் அம்மா. "ஒட்டித் தரணும்னு எழுதியிருக்காரு பாரு. அடுத்தவங்க பொருள்ல ஒரு கீறல் விழுந்தாலே தூக்கம் வராது அவருக்கு. எனக்காக இதைப் பண்ணிட்டு இருபத்தெட்டு வருஷம் ஒத்தையாச் சுமந்திருக்காரு. ஊர்ச் சுமையெல்லாம் இறக்கி வச்சவருக்கு இதையும் நாம இறக்கி வச்சிடுவோம்." பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன். எனக்கு அது போதும்" என்றாள்.

கயிறண்ணன் அன்றே துண்டுகளுக்குத் துளை போட்டு, மரக்குச்சி செருகி, பசை தடவி, நான்கு கால்களையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தார். வாத்தியார் மகளை அம்மா உடனே போக விடவில்லை. எங்களோடு தரையில் வரிசையாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, அவளுடைய அம்மா எவ்வளவு உயரம், என்ன சேலை கட்டுவாள், கோபம் வருமா என்றெல்லாம் விசாரித்தாள். இருபத்தெட்டு வருடச் சிநேகிதியை அன்றைக்குத்தான் முதலாக அறிமுகம் செய்துகொள்கிறாள் போல் இருந்தது. சாயங்காலம் வாத்தியார் மகள் விலாசம் கொடுத்துவிட்டுக் கிளம்பியதும், அம்மா பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் போய், "என் வீட்டுக்காரர் என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? எனக்காக அடுத்தவங்க மேஜையை அறுத்துப் போட்டிருக்காரு" என்று, நகை வாங்கிக் கொடுத்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டை அவிழ்த்து மேஜையை நிமிர்த்தினார்கள். ஒட்டிய இடம் தெரியவில்லை. எங்கள் கூடத்தில் யாரோ புதிதாக வந்து நிற்பது போல் இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றாள். முழங்கையை மேலே வைக்கப் பார்த்தாள். வைக்க வரவில்லை. நுனிக்காலில் எக்கிப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

"அவங்கதுதான்டி இது. எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தூக்குங்கப்பா. கால் பத்திரம், வாசல்ல ஒருக்களிச்சுத் திருப்பணும். போர்வையைச் சுத்துங்க."

தம்பியும் கயிறண்ணனும் மேஜையை லாரியில் ஏற்றிக் கட்டி முடித்துத் திரும்பினால், அம்மா சேலை மாற்றிக்கொண்டு, டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கம்மா கிளம்பிட்டே? இங்க கட்ட வேண்டியது மலையாக் கிடக்கு" என்றேன்.

"வாத்தியார் அதுல உக்காருறாரான்னு பாத்துட்டு வந்துடறேன். அந்த அம்மா போட்டோ மாட்டியிருப்பாங்கல்ல, அதையும் பாக்கணும்." கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். "ஆளைப் பாக்காம இனிமே யாரையும் புகழறதா இல்லை. நீ வண்டியை எடுடா."